லில்லி வீட்டில் டிரான்சிட்

“பெட்டிக்கு எதுக்கு விசா?” என்றார் வேதாசலம். கைப்பேசியைக் காதில் வைக்காமல், அப்பளம் மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார்.

“பெட்டிக்கு இல்லப்பா, உங்களுக்கு.” துபாயிலிருந்து மகள் விஜி பேசினாள். “சிங்கப்பூர்ல பெட்டி வெளிய வந்துடும். நீங்க வெளிய போயி அதை எடுத்து, மறுபடி துபாய் பிளைட்டுல போடணும். வெளிய போவணும்னா அந்த ஊர் விசா வேணும்.”

“நான் எங்கம்மா வெளிய போறேன்? உள்ளயே ஒரு பெஞ்சுல உக்காந்துகினு இருப்பேன்.”

“அப்ப பெட்டி?”

“அது பாட்டுக்கு சுத்திகினு இருக்கட்டும். டிவியில பாத்திருக்கேனே, ரப்பர் பட்டையில சுத்துது.”

கோமளவல்லி கரண்டியும் கையுமாகச் சமையலறையை விட்டு வெளியே வந்தாள். அந்த வியாழக்கிழமை காலை வரைக்கும் இந்தப் பயணத்தில் சிங்கப்பூர் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

“ஏங்க, நாம துபாய்க்குத்தானே போறோம்? நடுவுல சிங்கப்பூரு எங்கேர்ந்து வந்துச்சி?”

“எல்லாம் உன் நல்லதுக்குத்தான்” என்றார் வேதாசலம்.

அவர் அப்படிச் சொன்னால் காரியம் கெட்டது என்று அர்த்தம். முப்பது வருஷ அனுபவம் அவளுக்கு.

வேதாசலத்துக்குப் பள்ளிப்பட்டில் விசைத்தறிக் கொட்டகை, திருத்தணியில் சொந்த வீடு. வேறு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, பஞ்சாங்கத்தைத் தவிர. நாள் பார்க்காமல் அவர் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். கல்யாணமான புதிதில் பெங்களூர் போகக் கிளம்பி, பூனை குறுக்கே போனதால் திரும்பினார்கள். பிறகு ஊட்டிக்குக் கிளம்பி, பஸ் நிலையத்தில் யாரோ தும்மியதால் திரும்பினார்கள். தும்மியவன் பஸ் ஏறிப் போய்விட்டான். இவர்கள்தான் வீட்டுக்கு வந்தார்கள்.

கோமளவல்லிக்கு இருந்தது ஒரே ஆசை. பனியைக் கையால் தொட வேண்டும். தமிழ்நாட்டிலேயே இன்றைக்கு அதிக வெயில் எங்கே என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் தன் ஊர்ப் பெயரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஆசை அது. துபாயில் ஒரு பெரிய கடைக்கட்டடத்துக்குள் பனி கொட்டிவைத்திருக்கிறார்கள், வேண்டிய மட்டும் அள்ளி விளையாடலாம் என்று விஜி சொன்னதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. “திருத்தணி வெயிலுக்கு பயந்து பாலைவனத்துக்கு ஓடறாளாம்” என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று ஒரு குரங்குக் குல்லா வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு போட்டும் பார்த்தாள். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

துபாய் சுற்றுலா விசா வந்து நாளாகிவிட்டது. இன்ன தேதிக்குள் அந்த ஊரில் போய் இறங்கிவிட வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. முதல் தடவை குறித்த நாள் கரிநாள் என்று தள்ளிப்போட்டார். அடுத்த தடவை நட்சத்திரம் சரியில்லை. இப்போது கெடு வரும் திங்களோடு முடிகிறது. வெள்ளியும் சனியும் அவருக்குச் சந்திராஷ்டமம். திங்கள் அஷ்டமி. மிச்சம் இருந்தது ஞாயிறு ஒன்றுதான்.

“ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம்டி” என்றார் இப்போது. “துபாய் எங்க இருக்குது? மேற்கால. சூலத்துக்கு எதிரே போயி குத்திக்க சொல்றியா?”

“மேற்கே சூலத்துக்கு வெல்லம் தின்னுட்டு கிளம்பினா தோஷம் போயிடும்னு உங்க பஞ்சாங்கத்துலயே போட்டிருக்குதே.”

“பள்ளிப்பட்டு போறதுக்கு வெல்லம் போதும். கடல் தாண்டறதுக்குப் போதுமா? அதான் டில்லிபாபுகிட்ட சொல்லி மொதல்ல கிழக்கே சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டேன். ஞாயித்துக்கிழமை கிழக்கே ஒரு தொந்தரவும் இல்ல. அங்க எறங்கி, அங்கேர்ந்து துபாய்.”

டில்லிபாபு பஸ் நிலையத்துக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருப்பவன். அவனுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினாள் கோமளவல்லி.

“தம்பி, சிங்கப்பூர்ல எறங்கினா விசா வேணுமாமே?”

“ஆங், வேணுங்க்கா. நான் ஒரே டிக்கெட்டா போட்றேன்னுதான் சொன்னேன். ஒரே டிக்கெட்டுனா பெட்டி நேரா துபாய்க்குப் போயிடும், நீங்களும் ஏர்போர்ட் உள்ளயே டிரான்சிட்ல உக்காந்துகினு இருந்துட்டு அடுத்த பிளைட்டு ஏறிக்கலாம். அண்ணன்தான் ரெண்டும் தனித்தனி டிக்கெட்டா இருக்கணும்னு அடம் புடிச்சாரு.”

“ஏங்க?”

வேதாசலம் குரலைத் தாழ்த்தினார். “ஒரே டிக்கெட்டுனா மேல துபாய்னு அச்சடிச்சிருக்கும். சூலத்துக்கு தெரிஞ்சிடும்.”

 போனில் டில்லிபாபு சிரிப்பை அடக்குவது கேட்டது.

“தம்பி, ஞாயித்துக்கிழமைக்குள்ள சிங்கப்பூர் விசா வாங்க முடியுமா?”

“இன்னிக்கே குடுத்தாலும் சந்தேகங்க்கா. விசா இல்லாம போனீங்கன்னா சென்னையிலயே ஏத்த மாட்டாங்க.”

அடுத்த நிமிஷமே விஜி மறுபடி கூப்பிட்டாள். ஞாயிறு காலை சென்னையிலிருந்து நேராகத் துபாய் வரும் விமானத்தில் இன்னும் இடம் இருக்கிறது, மத்தியானத்துக்குள் சொன்னால் போட்டுவிடுவாள்.

“நேரா மேற்கேவா?” என்றார் வேதாசலம். “நான் வர்ல. உன்னையும் அனுப்ப மாட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

கோமளவல்லி கரண்டியோடு திரும்பினாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அவளுக்குத் தெரியும், அடுத்த வருஷம் என்பதற்கும் ஒரு கரிநாள் இருக்கும். சும்மா நின்றவளுக்கு அவளைப் பெற்ற நைனா ஞாபகம் வந்தார். நகரிப் பக்கத்துக்காரர், புடவை மூட்டையோடு ஊர் ஊராகப் போய் விற்றவர். அவரும் நாள் பார்ப்பார். ஆனால் நின்றுவிட மாட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“ஏங்க, வியாழக்கிழமை மேற்கே சூலம் இருக்குதா?”

“இல்ல. தெற்கேதான்.”

“அப்ப இன்னிக்கே கெளம்பிட்டா?”

“பிளைட்டு ஞாயித்துக்கிழமைடி.”

“பரஸ்தானம் வெச்சிடலாம்.”

வேதாசலத்தின் வாய் திறந்தது, மூடவில்லை. இதை எப்படி மறந்தார்? போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் எடுத்துக்கொண்டு போனாலும் பாதகமில்லை.

“பரஸ்தானத்தை எவனும் தப்பு சொல்ல முடியாதே” என்றார் மரியாதையாக. “ஆனா ராகு காலம் வர்றதுக்குள்ள வெக்கணும். மேற்கால யார் வீடு இருக்குது?”

தெருவின் மேற்குக் கோடியில் இருந்தது ஒரே வீடு. லில்லி வீடு. லில்லியின் கணவர் ஞானப்பிரகாசம் மிஷன் பள்ளியில் பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். லில்லியோ போன வருஷம் சபைக் குழுவோடு எருசலேமுக்குப் போய்வந்தவள். பார்த்த இடங்களை ஒரு நாளில் சொல்லி முடித்துவிட்டாள்; விமான நிலையத்தில் கேட்ட கேள்விகளைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சக்கரம் வைத்த பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இவர்கள் போய்ச் சேர்ந்தபோது லில்லி கேட்டிலேயே நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு ஒரே குஷி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“பெட்டியை நீங்களே அடுக்கினீங்களா?”

“ஆங்” என்றாள் கோமளவல்லி.

“யாராவது ஏதாவது குடுத்து அனுப்பினாங்களா?”

“விஜிக்கு மாங்கா தொக்கு. உங்கூட்டு தொக்குதான், நீதான் குடுத்தே.”

“அதைக் கேக்கல. எத்தனை நாள் தங்கப் போவுது?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும்.”

“திரும்பிப் போற உத்தேசம் இருக்கா, இல்ல இங்கேயே தங்கிடற எண்ணமா?”

“லில்லி, ராகு காலம் வந்துடும்” என்று கெஞ்சினார் வேதாசலம்.

அந்தச் சொல் வீட்டுக்குள் இருந்த ஞானப்பிரகாசத்தின் காதில் விழுந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

“வேதாசலம், நீங்க எப்ப வேணா வாங்க, சாப்பிடுங்க, தூங்குங்க. ஆனா நல்ல நேரம் பார்த்து வைக்கிற பெட்டியை நான் வீட்டுக்குள்ள விட மாட்டேன். எனக்கு மனசாட்சி இருக்கு.”

“சார், வெறும் பெட்டி சார்.”

“வெறும் பெட்டின்னா ரெண்டு மணிக்கு கொண்டாங்க.”

வேதாசலம் நடுங்கிப்போனார். “ரெண்டு மணி ராகு காலமாச்சே, மூணு வரைக்கும். அதுக்கு மேல விஜி சொன்ன சீட்டும் போயிடும்.”

“சரி, நம்ம சிநேகத்துக்காகச் சொல்றேன். போர்ட்டிகோவுல ஸ்கூட்டர் பக்கத்துல வெச்சிக்குங்க. வாசப்படி தாண்டக் கூடாது.”

“அது டிரான்சிட் ஏரியா” என்றாள் லில்லி. “உள்ள வராம இருந்தா விசா வேணாம்.”

“போர்ட்டிகோ செல்லாது” என்றார் வேதாசலம். “அது ரோட்டுக்குச் சமம். வீட்டுக்குள்ள வெச்சாத்தான் பரஸ்தானம்.”

“உள்ள விட மாட்டேன்.”

“வெளிய வெக்க மாட்டேன்.”

இரண்டு ஆண்களும் பெட்டியின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்குப் பஞ்சாங்கம், ஒருவருக்கு மனசாட்சி. நடுவில் நின்றது குரங்குக் குல்லாவும் மாங்காய்த் தொக்கும். கோமளவல்லி நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள். உச்சியைத் தாண்டிவிட்டது. பனி அவள் கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தது.

“சார்” என்றாள், “பெட்டி இல்லாம நான் மட்டும் வந்தா உள்ள விடுவீங்களா?”

“இது என்னம்மா கேள்வி? உன் வீடு மாதிரி.”

“ராத்திரி தங்கினா?”

“தங்கேன். லில்லிக்குப் பேச்சுத்துணை ஆச்சு.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும்?”

“எத்தனை நாள் வேணும்னாலும்.”

கோமளவல்லி செருப்பைக் கழற்றினாள். வலது காலை எடுத்து வைத்தாள். வாசப்படியைத் தாண்டினாள். நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ஏங்க” என்றாள் அங்கிருந்தே. “எங்க நைனா சொல்வாரு, பொருள் வெக்கறது மத்திமம், ஆளே போயி தங்கறதுதான் உத்தமம்னு. நான் கெளம்பிட்டேன்.”

ஞானப்பிரகாசம் பெட்டியை விட்டார். வேதாசலம் கேட்டில் நின்றபடியே இருந்தார்.

“கோமு, வெளையாடாதே. வா வீட்டுக்கு.”

“கெளம்பினவ திரும்பி வரலாமா? உங்க பஞ்சாங்கத்துல பாருங்க.”

“எனக்கு சோறு?”

“கொழம்பு பாதியில நிக்குது. கரண்டி மேடை மேலயே இருக்குது.”

“நான் வர்லைன்னா?”

கோமளவல்லி கைப்பேசியை எடுத்தாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. “விஜிகிட்ட ஒரு சீட்டு போடச் சொல்லுவேன். பூனை போவட்டும், எவனாச்சும் தும்மட்டும், நான் ஏறிடுவேங்க. பனி எனக்குத்தானே வேணும். நீங்க வெயில்லயே இருங்க.”

தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ போகிற சத்தம் கேட்டது.  வேதாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தனியாக விமானம் ஏறிப் போய், பனியில் குல்லாவோடு நிற்கிற படம் விஜியின் போனிலிருந்து தனக்கு வருவதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது.

“சார்” என்றார் ஞானப்பிரகாசத்தைப் பார்த்து, ரொம்பச் சின்னக் குரலில். “நானும் விருந்தாளிதானே?”

“நேரம் பார்த்து வர்றீங்களா?”

“இல்லைங்க. பொண்டாட்டி பின்னால வர்றேன்.”

“அப்ப வாங்க.”

வேதாசலம் ஓடிவந்து வாசப்படியைத் தாண்டினார். தாண்டும்போது கையோடு பெட்டியும் வந்துவிட்டது. ஞானப்பிரகாசம் அதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்க வெகு நேரமாயிற்று.

“விஜி” என்றாள் கோமளவல்லி போனில். “ரெண்டு போடு.”

வெள்ளிக்கிழமை சந்திராஷ்டமம். சனிக்கிழமை முடியும் வரைக்கும் வாயைத் திறந்தால் வம்பு என்று வேதாசலம் மௌனம் பூண்டார். தன் வீடு கண்ணுக்கெதிரே நான்கு வீடு தள்ளி இருந்தும் போக முடியாமல் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரக்கத்தி வேண்டும் என்று கன்னத்தில் விரலால் இழுத்துக் காட்டுவார். லில்லி போய் எடுத்து வருவாள். பூஜை அறையில் விளக்கேற்ற வேண்டும் என்று கும்பிட்டுக் காட்டினார். “அதுக்கு கோமளாக்கா தம்பி பொண்டாட்டி வந்துட்டாங்க, கவலைப்படாதீங்க” என்றாள் லில்லி. தறிக்கொட்டகையிலிருந்து வந்த போனுக்கெல்லாம் ‘உம், உம்உம்’ என்று இரண்டே பதில். அன்றைக்குக் கொட்டகையில் வேலை வழக்கத்தைவிட நன்றாக நடந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

மத்தியானம் ஞானப்பிரகாசம் சமையலறைக்குள் வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

“லில்லி, நேத்தே எனக்கு உறைக்காம போச்சு. முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தியிருக்கேன். ஏர்போர்ட் எங்கே இருக்கு?”

“மீனம்பாக்கத்துல.”

“திருத்தணிக்கு அது எந்தத் திசை?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கோமளவல்லியின் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சென்னை பஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று யோசித்தாள். காலை பஸ்ஸில் போனால் முகத்தில் வெயில் அடிக்குமே.

“கிழக்கே” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை கிழக்கே ஒரு தொந்தரவும் இல்லைன்னு அவரே சொன்னாராமே? வீட்டை விட்டு இவங்க கிளம்பறதே கிழக்கேதான். சிங்கப்பூரும் வேணாம், பரஸ்தானமும் வேணாம். நான் போய்ச் சொல்லிடறேன்.”

“நில்லுங்க” என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

லில்லிக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு கோமளவல்லிக்கு. வெங்காயக் கண்ணீரா சிரிப்புக் கண்ணீரா என்று தெரியாமல் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

“சொன்னா என்னா ஆவும்க்கா?” என்றாள் லில்லி மூச்சு வாங்கிக்கொண்டு.

“மறுபடியும் மொதல்லேர்ந்து பஞ்சாங்கத்தைப் பிரிப்பாரு. மேற்கே வெச்ச பரஸ்தானம் கிழக்கே போனா தோஷமான்னு தேடுவாரு. திங்கக்கிழமை வரைக்கும் தேடுவாரு.”

“அவர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றார் ஞானப்பிரகாசம்.

“எப்படி கேப்பாரு? வாயைத் திறக்க மாட்டாரே” என்றாள் கோமளவல்லி.

ஞானப்பிரகாசம் அந்த இரண்டு நாளும் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வேதாசலத்தின் பக்கத்தில் போய் உட்காருவார். தொண்டையைக் கனைப்பார். லில்லி உள்ளேயிருந்து பாத்திரத்தைக் கீழே போடுவாள். எழுந்து வந்துவிடுவார். சனிக்கிழமை சாயந்தரம் பொறுக்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த இந்திய வரைபடத்துக்கு முன்னால் வேதாசலத்தை அழைத்துப்போய் நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. விரலை மட்டும் திருத்தணி இருக்கும் இடத்தில் வைத்து, மெதுவாகச் சென்னைக்கு நகர்த்தினார். வேதாசலம் உருகிப்போனார். தன் பயணத்தை ஒரு மூப்பர் இவ்வளவு அக்கறையாக விரல் வைத்துப் பார்க்கிறாரே என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிறு விடியலில் கார் வந்தது. மௌனம் முடிந்த வேதாசலம் இரண்டு நாள் பேச்சையும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா கோமு, பரஸ்தானம்னா பரஸ்தானம்தான். சூலத்தை எப்படி ஏமாத்தினோம் பாரு.”

“ஆங்” என்றாள் கோமளவல்லி.

“கிளம்பறதுக்கு முன்னால ஒரு ஜெபம் பண்ணலாமா?” என்றார் ஞானப்பிரகாசம்.

“பண்ணுங்க சார். நல்லது எங்கேர்ந்து வந்தா என்னா?”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஞானப்பிரகாசம் கையை உயர்த்தினார். “ஆண்டவரே, இதோ கிழக்கே போய், அங்கிருந்து மேற்கே பறக்கப்போகிற இந்தத் தம்பதிகளை, முதலில் கிழக்கேயும், அதற்குப் பிறகே மேற்கேயும், கிழக்கே என்று நான் தெளிவாகச் சொல்லுகிறேன், காத்துக்கொள்ளும்.”

“ஆமென்” என்றார் வேதாசலம், எல்லாருக்கும் முன்னால், சத்தமாக.

ஞானப்பிரகாசத்தின் முகம் மனசாட்சியை இறக்கி வைத்துவிட்டவர் முகமாக இருந்தது. லில்லி வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

கார் தெருவைத் தாண்டி, சென்னைச் சாலையைப் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் சூரியன் எழுந்து நேரே கண்ணாடியில் மோதியது. வேதாசலம் கையால் நெற்றியில் கூரை போட்டுக்கொண்டார்.

“இன்னாடா இது, எதிர் வெயிலு கண்ணைக் கூசுது.”

ஓட்டுநர் ஏதோ சொல்லத் திரும்பினார். கோமளவல்லி அவசரமாகக் கைப்பையைத் திறந்து, குரங்குக் குல்லாவை எடுத்து, கணவர் தலையில் மாட்டி, மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டாள்.

“கொஞ்ச நேரம் தூங்குங்க” என்றாள். “ஏர்போர்ட்டு வந்ததும் எழுப்பறேன்.”